எரிந்தபின் மிஞ்சும் சேறு

பருவமழை ஓய்ந்த வாரங்களில் பாலவாக்கம் கடற்கரையில் அலை மணலை முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக அரிந்து வைத்திருக்கும். அந்த முகத்தில் கோடுகள் தெரியும். வெளிறிய மஞ்சளில் இரண்டு விரல் கனம், அதன்மேல் கறுப்பாக நூலளவு, மறுபடி மஞ்சள். கறுப்பு கருமணல், இல்மனைட் போன்ற கனத்த தாதுக்கள். மஞ்சள் குவார்ட்ஸ். அலை ஏறும்போது எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி வருகிறது. இறங்கும்போது லேசானதை இழுத்துக்கொண்டு போய்விட, கனத்தது தங்கிவிடுகிறது. காலையில் நடக்க வருகிறவர்கள் அந்த விளிம்பை மிதித்துச் சரித்துவிட்டுப் போகிறார்கள். அதைக் காப்பாற்றி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அடுத்த அலை புதிதாக எழுதும்.

இந்த அடுக்குகள் பாறையாகுமா என்று கேட்டால், அநேகமாக ஆகாது. படிவதில் பெரும்பகுதி மறுபடி கலைந்துபோகும். நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே மேலே வண்டல் விழுந்து கீழே இருப்பதை மூட வேண்டும். யாரும் கிளறாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் போக வேண்டும். படிவுப்பாறை என்பது அத்தனை தற்செயல்களும் ஒன்றாகக் கூடிய இடம். அதற்குள் ஒரு இலை சிதையாமல் கிடப்பது, தற்செயலுக்குள் இன்னொரு தற்செயல்.

*

என் மேசையில் ஒரு கல் இருக்கிறது. சாம்பல் நிறம், உள்ளங்கை அகலம், களிப்பாறை. ராணிகஞ்ச் பக்கம் சுரங்கத்தில் வேலை பார்த்த நண்பர் கொடுத்தது. அதன்மேல் ஒரு இலை பதிந்திருக்கிறது. நடு நரம்பு, அதிலிருந்து சாய்வாகக் கிளம்பி வலைபோல் பின்னும் பக்க நரம்புகள், கூர்மையற்ற நுனி. தெரியாதவர் கையில் கொடுத்தால் மாவிலை என்பார். குளோசாப்டெரிஸ். பெர்மியன் காலத்து மரம். ஏறத்தாழ 29.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. மாமரம் பூக்கும் தாவரம். இந்த இலை உதிர்ந்த நாளில் உலகத்தில் பூ என்று ஒன்று கிடையாது. புல் இல்லை. பறவை இல்லை. பூச்சிகள் இருந்தன.

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, இதே வயதுள்ள அடுக்கு இங்கே என் வீட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்கியதில் வந்தவைதான் இந்தக் குறிப்புகள்.

*

இல்லை என்பதுதான் விடை. பாலவாக்கத்தில் போர் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். முதலில் மணல். பிறகு மணலும் களியும் மாறி மாறி வரும். சில இடங்களில் களியில் சிப்பித் துண்டுகள். அதன்பின் நசநசவென்று உதிரும் சிதைந்த கல். பிறகு இயந்திரத்தின் சத்தம் மாறும். "பாறை வந்துட்ச்சு சார், இனிமே அடிக்கு ரேட் வேற" என்பார் போர்க்காரர். வந்திருப்பது சார்னகைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெளியே தலைநீட்டி நிற்கும் அதே கருநீலக் கல். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அதற்கு மேலே இருக்கும் மணலோ, அதிகம் போனால் சில ஆயிரம் ஆண்டுகள்.

இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் 200 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. பெர்மியன் அதற்குள் அடக்கம். ஒன்றுமே படியவில்லையா, படிந்தது அரித்துப்போனதா என்பதை அந்தத் தொடும் இடம் சொல்லாது. போர்க்காரருக்கு அது ரேட் மாறும் இடம். அவர் பார்வையும் சரியானதுதான்.

*

சென்னையில் புதைபடிவம் என்றால் ஸ்ரீபெரும்புதூரைக் காட்டுவார்கள். தவறில்லை. ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்தவர், அந்தப் பகுதியின் நிலவியலை 1873இல் எழுதினார். அங்கே கிடைத்த இலைத் தடங்களை ஒட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் விவரித்தார். இன்று கார் தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லாரிகளும் நிற்கும் நிலத்துக்குக் கீழே அந்த இலைகள் கிடக்கின்றன. ஆனால் அவை கிரெட்டேசியஸ் காலத்தவை. என் மேசைக் கல்லின் வயதில் ஏறத்தாழ பாதி.

பெர்மியன் வேண்டுமானால் தெற்கே பாலாற்றுப் பக்கம் போக வேண்டும். அங்கும் கண்ணால் பார்க்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பாலாற்றுப் படுகையில் துளையிட்டவர்கள் அடியில் தால்ச்சேர் வகை அடுக்குகளைக் கண்டார்கள். பச்சை நிறக் களிப்பாறையும் உருண்டைக் கற்கள் கலந்த படிவும். பனிப்பாறை உருகும் இடத்தில் சேரும் வகைப் படிவு அது. செங்கல்பட்டில் பனிப்பாறை! மே மாதத்தில் அங்குள்ள சுங்கச்சாவடியில் காத்து நின்றவர்கள் இதை இரண்டு முறை படிப்பார்கள்.

*

அந்த வகைப் படிவுக்குப் பெயர் தந்த ஊர் ஒடிசாவின் தால்ச்சேர். 1850களின் நடுவில் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் இருவரும் தியோபால்டும் அங்கே நிலக்கரி ஆய்வுக்குப் போனார்கள். நுண்ணிய களிப்பாறைக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் பதிந்திருப்பதைப் பார்த்தார்கள். பெருவெள்ளம் இந்தக் கற்களைக் கொண்டுவந்திருந்தால் நுண்ணிய சேறு அங்கே தங்கியிருக்காது, அடித்துக்கொண்டு போயிருக்கும். சேறு படியும் அளவுக்கு அமைதியான தண்ணீர் என்றால், அதற்கு இந்தக் கற்களை நகர்த்தும் வலு கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து ஒன்றாக இறக்கிவிடக்கூடியது பனி மட்டும்தான். ஒடிசாவின் வெயிலில் நின்றுகொண்டு அதை எழுதியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் சந்திரபூருக்கு அருகே இரை என்ற ஊரில் பனிப்பாறை உரசி மெருகேற்றிய, கீறல் விழுந்த சுண்ணாம்புப் பாறைத் தளம் பின்னால் கிடைத்தபோது சந்தேகம் தீர்ந்தது.

கண்முன் இருக்கும் வெப்பத்தை நம்பாமல் கல்லை நம்பியது பெரிய காரியம். எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

*

பனி உருகியதும் கடல் உள்ளே வந்தது. சத்தீஸ்கரில் மனேந்திரகட் என்ற ஊரில் ஹஸ்தேவ் ஆற்றங்கரைப் பாறையில் அந்தக் கடலின் சிப்பிகள் இருக்கின்றன. 1954இல் கண்டறியப்பட்டவை. இன்று அந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். யூரிடெஸ்மா என்ற தடித்த ஓட்டுச் சிப்பி அங்கே நிறைய. குளிர்ந்த நீரில் வாழ்ந்தது.

பாலவாக்கம் குப்பத்துப் பிள்ளைகள் அலை இறங்கும் நேரத்தில் ஈர மணலைக் காலால் துழாவி மட்டி பொறுக்குகிறார்கள். அலை விலகியதும் சட்டென்று மணலுக்குள் புதைந்துகொள்ளும் சின்ன உயிர்கள். இரண்டு ஓடும் ஒரு கீலும் உள்ள அந்த அமைப்பு மனேந்திரகட் பாறையில் இருப்பதுதான். அத்தனை கோடி ஆண்டுகளில் மாற்ற வேண்டிய அவசியம் அதற்கு வரவில்லை.

*

இப்போது கிழக்கே பார்க்கிறேன். கடல். இதைப் பற்றித்தான் நீண்ட நேரம் யோசித்தேன்.

பெர்மியன் காலத்தில் இங்கே வங்கக் கடல் கிடையாது. கிழக்கே நிலம். அந்த நிலம் அண்டார்க்டிகா. இந்தியாவின் கிழக்குக் கரையும் அண்டார்க்டிகாவின் ஒரு பக்கமும் ஒட்டிக் கிடந்தன. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் அதே கண்டத்தின் பகுதிகள். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தப் பக்கம் பிளவு விழுந்து விலகத் தொடங்கியது. விலகிய இடத்தில் தண்ணீர் நிறைந்தது. ஸ்ரீபெரும்புதூர் இலைகள் அந்தப் பிளவின் ஓரத்தில் படிந்தவைதான்.

அப்படியானால், எதிரே இருக்கும் கடலுக்கு மேசையில் இருக்கும் கல்லின் வயதில் ஏறத்தாழ பாதிதான்.

கடலை ஆதி என்று நினைத்துப் பழகிவிட்டோம். கரை மாறும், ஊர் மாறும், கடல் மட்டும் என்றென்றைக்குமானது என்று. இந்தக் கரையில் அந்த வரிசை தலைகீழ். கருமணல் வந்த பாறை மிகப் பழையது, இலை அதற்குப் பின், கடல் அதற்கும் பின், மணல் கடைசி. பாரதீப் துறைமுகத்திலிருந்து தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிப் போகும் கப்பல்கள் இந்தக் கடலைக் கடந்துதான் தெற்கே போகின்றன. கப்பலில் இருக்கும் சரக்கு, கப்பல் மிதக்கும் கடலைவிட மூத்தது.

*

அண்டார்க்டிகாவிலும் இந்த இலை இருக்கிறது. 1912 பிப்ரவரியில், தென்துருவத்தைத் தொட்டுத் திரும்பி வந்த ஸ்காட் குழுவினர் பியர்ட்மோர் பனியாற்றங்கரையில் நின்று கற்களைச் சேகரித்தார்கள். பொறுக்கியவர்களில் முன்னால் நின்றவர் மருத்துவரான எட்வர்ட் வில்சன். உணவு குறைந்துகொண்டிருந்தது, உடல் தளர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் சுமார் 16 கிலோ கல்லைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்தார்கள். குழுவில் கடைசியாக மிஞ்சிய மூவரும் மார்ச்சில் இறந்தார்கள். நவம்பரில் தேடிப் போனவர்களுக்கு உடல்களோடு கற்களும் கிடைத்தன. கேம்பிரிட்ஜில் ஏ.சி. சீவர்ட் 1914இல் அவற்றில் குளோசாப்டெரிஸ் இருப்பதை உறுதி செய்தார்.

அந்தச் சுமையைக் கைவிட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று இன்னமும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தில் ஈடுபாடில்லை. மூன்று பேர் கடைசிவரை கல்லைக் கீழே போடவில்லை. அது போதும்.

சீவர்டிடம் படித்தவர் பீர்பால் சாஹ்னி. இந்தியத் தொல்தாவரவியலை நிலைநாட்டியவர். லக்னோவில் அதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல் சிமென்டில் புதைபடிவங்களைப் பதித்து வார்த்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 10 அன்று சாஹ்னி இறந்துபோனார். நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்திக் கொண்டுவந்தவர் அவர் மனைவி சாவித்திரி சாஹ்னி. இன்று அது பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம். அடிக்கல்லைச் சொல்லும் கட்டுரைகள் சாவித்திரியை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. நானும் அதையே செய்திருக்கிறேன் என்பது எழுதி முடித்தபின் தெரிகிறது. இருக்கட்டும், இன்னும் ஒரு வரி: அடிக்கல் நாட்டுவது ஒரு நாள் வேலை.

*

இலைகள் கல்லில் தனித்தனியாகக் கிடப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, பாய் விரித்த மாதிரி அடர்ந்து கிடக்கும். காரணம், அந்த மரம் பருவத்தில் மொத்தமாக இலை உதிர்த்தது. இந்தியா அப்போது தென்துருவப் பக்கத்தில் இருந்தது. குளிர்காலப் பகல் குறுகியது. கல்லாகிப்போன தடிகளின் வெட்டில் ஆண்டு வளையங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. கோடையில் வளர்ந்து குளிரில் நின்றுபோன மரம்.

குளிரில் இலை எளிதில் மக்காது. சதுப்பில் விழுந்தது விழுந்தபடி சேர்ந்தது. ஆறுகள் கரை புரளும்போதெல்லாம் மெல்லிய சேறு அந்தச் சதுப்புக்குள் புகுந்து இலைக்கும் இலைக்கும் நடுவில் படிந்தது. இந்தச் சேறுதான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

*

விலங்குகளைப் பற்றிக் கொஞ்சம். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிலவியலுக்கு ஒரு பிரிவு உண்டு. நிறுவனத்தின் நிறுவனர் மகலனோபிஸ் லண்டனிலிருந்து பமேலா ராபின்சனை அழைத்துத் தொடங்கியது. புள்ளிவிவரக்காரர்கள் எலும்பு தோண்டப் போன கதை நம் நாட்டில் மட்டுமே நடக்கும். அங்கிருந்து டி.எஸ். குட்டி, கோதாவரிப் பள்ளத்தாக்கின் குண்டாரம் அடுக்கில் பெர்மியன் காலத்து ஊர்வன விலங்குகள் கிடைத்ததை 1972இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். அவற்றில் எண்டோதியோடன் என்ற தாவர உண்ணியின் எலும்புகள் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. அது கடல் கடக்கவில்லை, நடந்து போனது.

பிறகு எல்லாம் முடிந்தது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு மிகப் பெரும் பரப்பில் பொங்கியது. வரும் வழியில் பூமிக்கடியில் இருந்த நிலக்கரியையும் உப்புப் படிவுகளையும் சுட்டுக்கொண்டு வந்தது. காற்று மாறியது, கடல் சூடேறிப் பிராணவாயு இழந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன. குளோசாப்டெரிஸ் காடும் போயிற்று. அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் உலகில் எங்கும் நிலக்கரி உருவாகவே இல்லை. சதுப்பில் சேர்வதற்குக் காடு இருக்கவில்லை.

*

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மின்விசிறி சுற்றுகிறது. சூரியத் தகடு அப்போது வேலை செய்யாது. காற்றாலை பருவத்தைப் பொறுத்தது. கல்பாக்கத்தின் பங்கு கொஞ்சம். மீதியில் பெரும்பகுதி நிலக்கரி. நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி, அது மிகவும் இளையது, பெர்மியன் அல்ல. ஆனால் 1994இல் தொடங்கிய வட சென்னை அனல்மின் நிலையத்துக்கு வருவதில் கணிசமான பங்கு தால்ச்சேர் சுரங்கங்களிலிருந்து. ரயிலில் பாரதீப், அங்கிருந்து கப்பலில் எண்ணூர். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டதே முதன்மையாக இந்த நிலக்கரியை இறக்கத்தான். பனிப்பாறையின் கற்களைப் பிளான்ஃபோர்டு சகோதரர்கள் பார்த்த அதே தால்ச்சேர். பனிக்கு மேலே காடு, அந்தக் காடுதான் கரி.

இந்திய நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. எரித்தால் நிறையச் சாம்பல் மிஞ்சும். நூற்றுக்கு 35, 40 என்று. மின்வாரியக்காரர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். இலைக்கும் இலைக்கும் நடுவில் புகுந்த அந்த ஆற்றுச் சேறுதான் காரணம். கழுவினாலும் லேசில் பிரியாத அளவுக்கு நுணுக்கமாகக் கலந்திருக்கிறது. உலைக்குள் இலை எரிந்து காற்றாகப் போய்விடுகிறது. சேறு எரியாது. அது உருகி, மாவைவிட நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாக உறைந்து வெளியே வருகிறது. அதைத்தான் உலர்சாம்பல் என்கிறோம்.

ஆக, நாம் எரிப்பது பெர்மியன் காட்டை. மிஞ்சுவது பெர்மியன் ஆறு.

அதை எங்கே வைப்பது? பெரும்பகுதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்பினார்கள். குழாய்கள் உடைந்தும் கசிந்தும் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் பரவியது. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் மக்கள் இருக்கிறார்கள். இறால் எங்கே பதுங்கும் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். அந்தச் சேற்றின்மேல் சாம்பல் படிந்தபின் விரலுக்குத் தட்டுப்படுவது வேறொரு தரை. மீனவர்கள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறார்கள், வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.

வேறு விதமாகச் சொன்னால், எண்ணூரில் ஒரு புதிய அடுக்கு உருவாகிக்கொண்டிருக்கிறது. 28 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை படிந்த சேறு, நடுவில் ஒரு நெருப்பைக் கடந்து, இரண்டாம் முறை படிகிறது. இலை மட்டும் இல்லை. நிலவியல் ஆர்வத்தோடு இதை எழுதுவது எளிது. அங்கே இறால் பிடிப்பவரிடம் போய் இதே வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

*

மிச்சச் சாம்பலுக்குச் சிமென்டும் செங்கலும் வழி. அனல்மின் நிலையத்துக்கு 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கல் சூளைகள் களிமண்ணோடு நாலில் ஒரு பங்காவது சாம்பல் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு 1999இல் அறிவித்தது. பின்னால் அந்தத் தூரம் கூடிக்கொண்டே போயிற்று. சூளையில் சுடாமலே சாம்பலைச் சிமென்ட்டோடு சேர்த்து அழுத்திச் செய்யும் கல் தனியாக வந்துவிட்டது. ஃப்ளை ஆஷ் கல் என்று எல்லாரும் சொல்வது. ஈ.சி.ஆர். ஓரத்தில் எழும்பும் அடுக்குமாடிகளில் இப்போது சிவப்புச் செங்கலைப் பார்ப்பதே அபூர்வம்.

எங்கள் தெருவில் ஒரு சுற்றுச்சுவர் எழும்புகிறது. சாம்பல் நிறக் கற்களைத் தெருவை அடைத்து அடுக்கியிருக்கிறார்கள். மேஸ்திரியிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். மேசைக் கல்லின் நிறம்தான். கனம் ஏறக்குறைய அதுதான்.

"இந்தச் சாம்பல் எங்கேர்ந்து வருதுங்க?"

"எண்ணூரு சார். லாரில ஏத்தினு வந்து நம்ம கிழக்குத் தாம்பரம் பக்கம் கல்லு போடுறாங்க. அளவு ஒரே மாரி இருக்கும், பூச்சு கம்மியா ஆவும். ஆனா ஆணி அடிச்சா நிக்காது சார், ட்ரில்லு போட்டுத்தான் ப்ளக் வெக்கணும்."

"எத்தன வருஷம் தாங்கும்?"

"அதெல்லாம் நம்ம காலத்துக்கு மேல தாங்கும்." சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், வீடு எதுனா கட்டுறீங்களா?"

இல்லை என்றேன். கல்லைத் திரும்பக் கொடுத்தேன். பக்கத்தில் பூச்சு வேலைக்கு எம்-சாண்ட் கொட்டியிருந்தார்கள். ஆற்று மணல் கிடைக்காததால் எல்லாரும் இதற்கு மாறிவிட்டார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் குவாரிகளில் கல்லை உடைத்து அரைப்பது. அந்தக் குவாரிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் கல் சார்னகைட். திங்கள்கிழமை பூச்சு ஆரம்பம் என்றார் மேஸ்திரி. போர்க்காரரின் இயந்திரம் சத்தம் மாறிய அந்த இடத்தில் இல்லாத பெர்மியன், அதே பாறையின் பொடியை மேலே பூசிக்கொண்டு இந்தத் தெருவில் ஆறடி உயரத்துக்கு நிற்கப்போகிறது.